செஞ்சி டூ சென்னை: அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனுக்கு மேலே என்னென்ன இருக்கு? எப்படிப் போகணும்? முழு விவரம்

சென்னை அண்ணா சாலைக்கு அடியில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷன்களில் ஒன்று அரசினர் தோட்டம். பெயரைக் கேட்டால் ஏதோ பூங்கா என்று நினைக்கத் தோன்றும். ஆனால், மாடிப்படி ஏறி மேலே வந்தால் கலைவாணர் அரங்கம், ராஜாஜி மண்டபம், ஓமந்தூரார் அரசு மருத்துவமனை என்று மாநிலத்தின் முக்கியமான இடங்கள் வரிசையாக இருக்கின்றன. சேப்பாக்கமும் மெரினாவும் அங்கிருந்து பக்கம்தான்.

செஞ்சியில் இருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில் இருக்கும் இந்த இடத்துக்கும், செஞ்சி வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு ஒன்றல்ல, இரண்டு உண்டு. அது என்ன? சிகிச்சைக்கும், அரசு வேலைக்கும், கலை நிகழ்ச்சிக்கும் வருபவர்கள் எப்படி வரலாம்? பார்ப்போம்.

எப்போது திறக்கப்பட்டது?

ஏ.ஜி-டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான சுரங்கப் பாதை 2019 பிப்ரவரி 10-ம் தேதி திறக்கப்பட்டது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனும் அன்றுதான் பயன்பாட்டுக்கு வந்தது. விமான நிலையம் முதல் விம்கோ நகர் வரை ஓடும் நீல வழித்தடத்தில் இது இருக்கிறது. தெற்கே அடுத்த ஸ்டேஷன் எல்.ஐ.சி., வடக்கே அடுத்தது சென்ட்ரல். இங்கிருந்து சென்ட்ரல் போகும் ரயில் கூவம் ஆற்றுக்கு அடியில் போகிறது என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பாதை சுலபமாக வந்துவிடவில்லை. முதலில் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் பணி பாதியில் நின்று, மிச்ச வேலை வேறு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டது. அண்ணா சாலையில் பல வருஷம் ஒருவழிப் பாதையும் சுற்றுவழியும்தான். 2017 ஏப்ரல் 9-ம் தேதி ஜெமினி மேம்பாலம் அருகே சாலை திடீரென்று உள்வாங்கியதில் மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கின. நல்ல வேளையாக உயிரிழப்பு இல்லை.

பூமிக்கு அடியில் எப்படிக் கட்டுறாங்க?

முதலில் ஸ்டேஷன் வரும் இடத்தின் ஓரங்களில் ஆழமாகக் கான்கிரீட் சுவர்களை இறக்குவார்கள். சுற்றியுள்ள மண் சரியாமல் தாங்குவது இந்தச் சுவர்தான். அதன் பிறகே நடுவில் இருக்கும் மண்ணை அள்ளித் தளங்கள் அமைப்பார்கள். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே ராட்சத இயந்திரம் சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும்.

உள்ளே மேல் தளத்தில் டிக்கெட் கவுன்ட்டரும் சோதனையும். கீழ்த் தளத்தில் பிளாட்பாரம். ரயில் வந்து நின்ற பிறகே திறக்கும் கண்ணாடிக் கதவுகள் பிளாட்பார ஓரத்தில் இருக்கின்றன. யாரும் தண்டவாளத்தில் விழாமல் இருக்கவும், ஏ.சி. காற்று வீணாகாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு.

'அரசினர் தோட்டம்' பெயர் எப்படி வந்தது?

இங்கே இருந்த தோட்ட வீட்டை 1753-ல் ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனி விலைக்கு வாங்கியது. மதராஸ் கவர்னர்களின் மாளிகையாக அது மாறியது. விருந்துகளுக்காக 1802-ல் கட்டி முடித்த மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். கிரேக்கக் கோயில் போல உயரமான தூண்களும் அகலமான படிகளும் கொண்ட இதை வடிவமைத்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் மதராஸ் வானியல் ஆய்வு மையத்தில் இருந்த விஞ்ஞானி.

கவர்னரின் விருந்தினர்கள் ஏறிய அதே படிகளில்தான் பின்னாளில் காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, லட்சக்கணக்கான மக்கள் வரிசையில் நின்றனர்.

செஞ்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முதல் தொடர்பு, நவாபுகள். ராஜாராம் தங்கியிருந்த செஞ்சிக் கோட்டையைப் பல ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-ல் கைப்பற்றியவர் முகலாயத் தளபதி சுல்பிகர் கான். கர்நாடக நவாபுகளின் வரிசை அவரிடம் இருந்துதான் தொடங்குகிறது. பின்னாளில் தலைநகர் ஆற்காடு ஆனது. அந்த வரிசையில் வந்த முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டியதுதான் சேப்பாக்கம் அரண்மனை. ஸ்டேஷன் அருகே தொடங்கி மெரினா பக்கம் போகும் வாலாஜா சாலையும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டாவது தொடர்பு, ஓமந்தூரார். நாடு சுதந்திரம் அடைந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் ஓமந்தூர்க்காரர். செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டம். அவர் பெயரைத்தான் இந்த அரசினர் தோட்டம் இன்று தாங்கி நிற்கிறது.

சட்டசபையா, ஆஸ்பத்திரியா?

இந்த இடத்தின் கதையில் சட்டசபை திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைய கலைவாணர் அரங்கம் இருக்கும் இடத்தில் முன்பு பாலர் அரங்கம் இருந்தது. 1952 முதல் 1956 வரை சட்டசபை அங்கேதான் கூடியது. பிறகு அதற்கு நகைச்சுவை மேதை என்.எஸ்.கிருஷ்ணனின் பட்டப்பெயர் சூட்டப்பட்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதிய அரங்கம் 2016-ல் திறக்கப்பட்டது. கொரோனா காலத்தில், சமூக இடைவெளிக்காக 2020 செப்டம்பரில் சட்டசபை மறுபடி இங்கே வந்தது.

இதற்கு நடுவே, இதே தோட்டத்தில் கட்டிய புதிய தலைமைச் செயலக வளாகத்தை 2010 மார்ச் 13-ல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். 2011-ல் ஆட்சி மாறியது. சட்டசபை புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. புதிய கட்டடம் 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. எம்.எல்.ஏ.க்களுக்காகக் கட்டிய இடத்துக்கு இன்று நோயாளிகள் வருகிறார்கள்.

டெல்லியில் நாடக, இசை அரங்குகள் நிறைந்த மண்டி ஹவுஸ் பகுதிக்கும் இப்படி ஒரு மெட்ரோ ஸ்டேஷன் உண்டு. ஆனால் அரங்கம், அரசு ஆஸ்பத்திரி, கிரிக்கெட் மைதானம் மூன்றுக்கும் ஒரே ஸ்டேஷனில் இறங்குவது அரசினர் தோட்டத்தின் தனிச்சிறப்பு.

செஞ்சியில் இருந்து எப்படி வரலாம்?

செஞ்சியில் ரயில் நிலையம் கிடையாது. திண்டிவனம் - திருவண்ணாமலை ரயில் பாதை இந்த வழியாக வரும் என்ற எதிர்பார்ப்பு நீண்டகாலமாக அப்படியே இருக்கிறது. எனவே பஸ்தான் வழி. திண்டிவனம் வழியாக வரும் வெளியூர் பஸ்கள் கிளாம்பாக்கத்தில் நிற்கும். 2023 டிசம்பர் 30-ல் இந்தப் பேருந்து முனையம் திறந்ததில் இருந்து தென்மாவட்டப் பயணிகளுக்கு இதுதான் சென்னையின் வாசல்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கிளாம்பாக்கத்துக்கு இன்னும் மெட்ரோ வரவில்லை. மாநகரப் பேருந்து பிடித்து விமான நிலையம் அல்லது கிண்டி மெட்ரோ வரை வர வேண்டும். கிண்டியில் ஏறினால் வண்டி மாறாமல் எட்டாவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம்.

விமான நிலையம் - கிளாம்பாக்கம் இடையே சுமார் 15.5 கி.மீ. நீட்டிப்புக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டுள்ளது. அந்தப் பாதை வந்தால், செஞ்சியில் இருந்து வரும் ஒரு நோயாளி பஸ்ஸை விட்டு இறங்கி ஒரே ரயிலில் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிடலாம். அதுவரை, மூட்டை முடிச்சோடும் கையில் மருத்துவ ரிப்போர்ட்டோடும் வருபவர்கள் நடுவில் ஒரு முறை இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

* மெட்ரோ நேரம்: காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை.
* டிக்கெட்: கவுன்ட்டரில் வாங்கலாம். வாட்ஸ்அப் கியூஆர் டிக்கெட், சிங்காரச் சென்னை அட்டையும் செல்லும்.
* ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் காலையிலேயே வந்து சேரும்படி பஸ்ஸைப் பிடிப்பது நல்லது.
* சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாளில் மாலையிலும், ஆட்டம் முடியும் நேரத்திலும் ஸ்டேஷனில் கூட்டம் அதிகமாக இருக்கும். சிகிச்சைக்கு வந்தவர்கள் அதற்கு முன்பே திரும்பிவிடலாம்.
* இரவில் ஊர் திரும்புபவர்கள், கிளாம்பாக்கம் போய்ச் சேர ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.