டென்னிஸ் மட்டையின் வரலாறு

ஏறத்தாழ நூறாண்டுகள் டென்னிஸ் மட்டை மரத்தால்தான் செய்யப்பட்டது. மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டி வளைத்த அந்த மட்டைகளின் தலைப்பரப்பு சுமார் 65 சதுர அங்குலம். அதைவிடப் பெரிதாக்கினால் நரம்புகளின் இழுவிசையில் சட்டம் கோணிவிடும். மட்டையின் அளவை மரமே தீர்மானித்தது எனலாம்.

முதல் மாற்றம் எஃகினால் வந்தது. பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்ட் வடிவமைத்த எஃகு மட்டையை வில்சன் நிறுவனம் 1967இல் டி2000 என்ற பெயரில் விற்றது. பலருக்கு அடங்காத அம்மட்டையை ஜிம்மி கானர்ஸ் 1980களின் நடுப்பகுதி வரை விடவேயில்லை.

பெரிய திருப்பம் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கரால் ஏற்பட்டது. உலோகப் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்து பொருளீட்டிய அவர், பிற்காலத்தில் டென்னிஸ் கற்க முயன்று தடுமாறினார். பந்து நடுவிலிருந்து விலகிப் பட்டால் மட்டை கையில் திருகிக்கொள்ளும். இத்திருகலை எதிர்க்கும் திறன் தலையின் அகலத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. எடை மாறாமல் அகலம் 20 விழுக்காடு கூடினால், அத்திறன் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடும். அலுமினியத்தால் செய்த அகன்ற தலை மட்டைக்கு அவர் 1976இல் காப்புரிமை பெற்றார். பிரின்ஸ் நிறுவனம் விற்ற அதைத் தொடக்கத்தில் பலர் கேலி செய்தனர். 1978இல் 16 வயது பாம் ஷ்ரைவர் அம்மட்டையுடன் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம் வரை சென்றார்.

வியப்பு என்னவென்றால், மட்டை என்பது எது என்று அதுவரை விதி எதுவும் இல்லை. 1977இல் இரட்டை அடுக்கு நரம்புகள் கொண்ட 'ஸ்பாகெட்டி' மட்டையுடன் இலீ நஸ்டாசே ஆடியபோது, களிமண் தளத்தில் தொடர்ந்து வென்றுவந்த கியெர்மோ விலாஸ் பாதியில் வெளியேறினார். அதன்பின் அவ்வகை மட்டை தடை செய்யப்பட்டு, விதியும் வந்தது.

ஜான் மெக்கன்ரோ 1981 விம்பிள்டனை மர மட்டையால் வென்றார். 1983இல் அதே கோப்பையைக் கிராஃபைட் மட்டையால் வென்றார். இலேசான, விறைப்பான கிராஃபைட் விரைவில் மரத்தை ஒழித்துவிட்டது. 1991இல் மாண்டி கார்லோவில் மர மட்டையோடு மீண்டும் களமிறங்கிய பியோன் போர்க், ஹோர்டி அர்ரெசேயிடம் நேர் செட்களில் தோற்றார். பல ஆண்டுகள் ஆடாமல் இருந்ததும் காரணம்தான். ஆனாலும் கையில் இருந்தது வேறொரு காலத்தின் கருவி.

மாறுவதும் எளிதன்று. 90 சதுர அங்குல மட்டையால் பட்டங்களைக் குவித்த ரோஜர் ஃபெடரர், 2013 விம்பிள்டனில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றபின் 98 அங்குல மட்டையைச் சோதித்தார். உடனடியாகப் பலன் இல்லை, பழையதற்கே திரும்பினார். 2014இல்தான் பெரிய தலைக்கு உறுதியாக மாறினார். கை பழகியதை விடுவதற்கு அவருக்கே அத்தனை தயக்கம் இருந்தது. 2017 ஆஸ்திரேலிய ஓப்பனை 97 அங்குல மட்டையால் வென்றார்.

சாதாரண ஆட்டக்காரர் புது மட்டை வாங்குமுன் இதைக் கவனிக்கலாம்: கிராஃபைட் சட்டம் பல ஆண்டுகள் தாங்கும், நரம்புகள் அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். 'மட்டை செத்துவிட்டது' என்று தோன்றும்போது நரம்பையும் பிடிநாடாவையும் மாற்றிச் சில நாள் ஆடிப்பார்ப்பதே என் பரிந்துரை. சட்டத்தில் விரிசல் இருந்தாலோ, விலகிப் பட்ட பந்துகள் தொடர்ந்து வலையில் விழுந்தாலோ, 100 அங்குலத் தலையுள்ள மட்டை ஒன்றை இரவல் வாங்கி ஆடிப்பார்க்கலாம்.