ஆக்சிஜன் சென்சாரும் ஒரு ஜெர்மன் விளக்கும்

டில்லியில் ஏழெட்டு வருஷம் ஓடிய கார் வைத்திருக்கிறவர்கள் இந்த வசனத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள்: "சென்சார் கராப் ஹை, சாப். பதல்னா படேகா." டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு எரியும். மைலேஜ் குறையும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவார், ஆக்சிஜன் சென்சார் பெயரைச் சொல்லி ஒரு கோடு வரும். உடனே தீர்ப்பு, சில ஆயிரம் ரூபாய் செலவு. பத்து நாள் கழித்து அதே விளக்கு மறுபடி எரியும்.

ஏன் என்று புரிய, இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் போதும். நான் காமர்ஸ் படித்த ஆள், கெமிஸ்ட்ரி எல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. எனக்கே பிடிபட்ட விஷயம்தான், பயப்படாதீர்கள்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார் (1920-க்கான கெமிஸ்ட்ரி நோபல் இவருக்குத்தான்). 1897-ல் இவர் ஒரு விளக்கு செய்தார். சிர்கோனியா கலந்த, பீங்கான் மாதிரியான ஒரு குச்சி. குளிர்ந்திருந்தால் மின்சாரத்தை விடாது. சூடாக்கினால் விடும், ஜொலிக்கும். டங்ஸ்டன் பல்பு வந்ததும் இந்த விளக்கை ஜனங்கள் மறந்தே போனார்கள். சூடான சிர்கோனியாவுக்குள் ஆக்சிஜன் அயனிகள் நகரும் என்ற சங்கதி மட்டும் மிஞ்சியது. இந்தப் பக்கம் ஆக்சிஜன் அதிகம், அந்தப் பக்கம் குறைவு என்றால் நடுவில் வோல்டேஜ் பிறக்கும். எவ்வளவு பிறக்கும் என்று கணக்குப் போடும் சமன்பாடும் அவருடையதே.

1970-ல் அமெரிக்கா சுத்தக் காற்றுச் சட்டத்தை இறுக்கியது. மூன்று விஷ வாயுக்களையும் ஒரே டப்பாவில் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கு பிசகக் கூடாது. கார்புரேட்டரால் அதைப் பிடித்து வைக்க முடியாது. அப்போதுதான் நெர்ன்ஸ்டின் சிர்கோனியா கைகொடுத்தது. பாஷ் கம்பெனி அதை ஒரு விரலுறை வடிவத்தில் செய்து, மேலே பிளாட்டினம் பூசியது. வெளிப்பக்கம் இன்ஜின் புகை, உள்பக்கம் சாதாரணக் காற்று. 1976-ல் வோல்வோ அமெரிக்காவுக்கான கார்களில் இதைப் பொருத்தி, முன் கிரில்லில் 'லாம்டா சோன்ட்' என்று பெருமையாகப் பட்டயமும் மாட்டியது.

இங்கேதான் முக்கியமான விஷயம். இந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் வெளிக் காற்று உள்ளே வரும். சென்சார் "ஆக்சிஜன் அதிகம்" என்று உண்மையைத்தான் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றும். மைலேஜ் போகும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் இதே கதைதான். எங்கள் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் குறை வந்தால், ரிப்போர்ட் எழுதியவரை மாற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடுமா?

நம் நாட்டுக்கு இது வந்த வழியும் சுவாரசியம். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஆனால் ஈயமில்லாத பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை. ஈயம் கன்வர்ட்டரையும் கெடுக்கும், சென்சாரையும் கெடுக்கும். 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-ல் டில்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்திய பிறகு கார்புரேட்டர் கார்கள் மறையத் தொடங்கின. சாதாரண மாருதிக்காரருக்கும் இந்தச் சென்சார் அறிமுகமானது அதன் பிறகுதான்.

அடுத்த தடவை மெக்கானிக்கிடம் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஸ்கேனரில் ஓடுகிற ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண வகையில் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். (கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பது அதிகம் ஆடக்கூடாது. சில புதுக் கார்களில் வேறு வகை சென்சார், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால், காற்று வரும் வழியில் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கட்டும். உடனே 0.9 பக்கம் எகிறினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. ஓட்டை, வேக்குவம் ஹோஸ், ஸ்பார்க் பிளக் என்று வேறு இடம் தேட வேண்டும். அசையவே இல்லை என்றால், ஒயரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மாற்றலாம்.

நிஜமாகவே அடிக்கடி போவது உள்ளே இருக்கும் ஹீட்டர். சுமார் 300 டிகிரி தாண்டினால்தான் சிர்கோனியா விழிக்கும் என்பதால் பிற்பாடு சேர்த்தது அது. டில்லி ஜனவரியில் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய் வருகிற காரில் ஹீட்டர் போனால் பெட்ரோல் செலவு தெரியும். ஹீட்டருக்கு இரண்டு ஒயர், பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் சில ஓம்ஸ் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். நெர்ன்ஸ்டின் விளக்குக்கும் எரிவதற்கு முன்னால் சூடாக்க ஒரு கம்பிச் சுருள் தேவைப்பட்டது :-)