சென்னைக் கரையில் உயிரினப் பெயரீடு

உயிரினங்களுக்குப் பேரினம், சிற்றினம் என இரு சொல்லில் பெயரிடும் முறை, தாவரங்களுக்கு ஸ்வீடன் இயற்கையியலர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலிலிருந்தும், விலங்குகளுக்கு அவருடைய ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758இலிருந்தும் செல்லுபடியாகிறது. இந்த வரலாற்றில் சென்னையின் பங்கு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. மதராஸ்பட்டானா, மதராஸ்பட்டென்சிஸ் என்று முடியும் செடிப் பெயர்களும் பறவைப் பெயர்களும் அதற்குச் சாட்சி. இவற்றில் உள்ள மதராஸ்பட்டணம் என்ற பழைய ஊர்ப்பெயரின் மூலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சாந்தோமில் வாழ்ந்த போர்த்துகீசிய மதெய்ரோஸ் குடும்பத்திலிருந்து வந்தது என்பார் உண்டு. அதற்கு முன்பே இருந்த மீனவர் குப்பத்தின் பெயர் என்பாரும் உண்டு. எப்படியானாலும் அந்தப் பெயர் தாங்கிய உயிரினங்களின் கதையைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும். அறிவியல் பெயர் ஓர் உயிரின் இயல்பை விளக்க வந்ததல்ல. அது ஒரு குறிப்பிட்ட உலர்மாதிரியோடு, சில சமயம் வெறும் படத்தோடு, போடப்பட்ட முடிச்சு. அந்த உயிரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எத்தனை முறை மாறினாலும் முடிச்சு அவிழ்வதில்லை.

தொடக்க காலத்துக்கே சான்றுகள் மிகுதி. 1690களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், ஊரைச் சுற்றிய செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, கட்டுக்கட்டாக லண்டனுக்கு அனுப்பினார். ஒவ்வொரு செடிக்கும் அது கிடைத்த இடம், உள்ளூர்ப் பெயர், இங்குள்ளவர்கள் அதை எந்த நோய்க்குக் கொடுத்தார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதிவைத்தார். தமிழை அன்றைய ஐரோப்பியர் மலபார் மொழி என்றே குறித்ததால், இப்பெயர்கள் ‘மலபார்’ பெயர்களாகவே பதிவாகியுள்ளன. லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர் இவற்றை ஒழுங்குபடுத்தி, 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராயல் சொசைட்டியின் இதழில் பகுதி பகுதியாக வெளியிட்டார். மணிலாவில் இருந்த ஏசுசபைத் துறவி கமேலின் செடிக்கட்டுகளும் சென்னை வழியாகவே இங்கிலாந்து போயின. பிரவுனைப் பற்றி இன்னொரு செய்தியும் ஆவணங்களில் உண்டு; பெயரீட்டுக்குத் தொடர்பில்லாதது என்றாலும் விட மனம் வருவதில்லை. 1693இல் ஆளுநர் அவை உறுப்பினர் ஜேம்ஸ் வீலர், பிரவுன் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டு இறந்தார். முத்தைப் பொடித்த உரலில் அதற்குமுன் பாஷாணம் அரைத்திருந்தார்கள். வீலரைக் கொன்றவன் நானே என்று பிரவுன் தாமே ஆளுநருக்கு எழுதிக் கொடுத்தார். வழக்கு நடந்து விடுவிக்கப்பட்டார். உடலை அறுத்துப் பார்த்து அறிக்கை தந்தவர் சக மருத்துவர் எட்வர்ட் பல்க்லி. இந்தியாவில் நடந்த முதல் சட்டமுறைப் பிணப்பரிசோதனை அதுதான் என்று மருத்துவ வரலாற்று நூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. பிரவுன் 1698இல் இறந்தபின் செடி அனுப்பும் வேலையும் பல்க்லியிடமே வந்தது. அவர் பறவைகளையும் சேர்த்துக்கொண்டார். அவர் அனுப்பிய படங்களும் குறிப்புகளும், ஜான் ரேயின் பறவை நூல் ரேயின் மறைவுக்குப்பின் 1713இல் அச்சானபோது, மதராஸ் பறவைகள் என்ற பின்னிணைப்பாயின. நீரோரத்தில் வாலை ஆட்டியபடி நடக்கும் வெண்புருவ வாலாட்டி அந்தப் பட்டியலில் இருந்தது. 1789இல் இயற்கையியலர் க்மெலின் அதற்கு மோட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ் என்று பெயர் வைத்ததற்கு அந்தப் பதிவே அடிப்படை.

பெட்டிவர் 1718இல் இறந்ததும் அவருடைய சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கிக்கொண்டார். அந்தத் தாள்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. லின்னேயஸ் இந்தியாவைப் பார்த்தவரல்லர். சென்னைச் செடிகள் பலவற்றை, அக்காலத்து இன்னொரு லண்டன் தாவரவியலர் லெனார்ட் ப்ளூக்னெட்டின் நூல்களில் இருந்த படங்கள், நீண்ட லத்தீன் சொற்றொடர்கள் வழியாகவே அவர் அறிந்தார். அவற்றில் இருந்த ‘மதராஸ்பட்டானா’ என்ற அடைமொழியை அப்படியே சிற்றினப் பெயராக்கிக்கொண்டார். சளிக்கு அடையாகவும் துவையலாகவும் வீடுகளில் செய்யும் முசுமுசுக்கை, வேலியில் படர்ந்து, கைபட்டால் சுணைக்கும் இலையும் சிவந்த சிறு பழமுமாக நிற்கும் கொடி. அதை அவர் 1753இல் வெள்ளரியோடு சேர்த்து குக்குமிஸ் மதராஸ்பட்டானஸ் என்றார். பின்வந்தவர்கள் அதைப் பிரையோனியா என்றார்கள், மெலோத்ரியா என்றார்கள், முக்கியா என்றார்கள். இந்திய நூல்களில் நெடுங்காலம் நின்றது முக்கியா. 2007இல் மரபணு ஒப்பீடு செய்த ஹன்னோ ஷேஃபர், முக்கியா பேரினத்தைத் தனியே வைக்க முடியாது, வெள்ளரிப் பேரினத்திலேயே அடங்கும் என்று காட்டினார். கொடி லின்னேயஸ் வைத்த இடத்துக்கே திரும்பியது. இத்தனை அலைச்சலிலும் பின்பாதியில் இருந்த சென்னையின் பெயர் மாறவில்லை. பேரினத்துக்கு ஏற்ப விகுதி மட்டும் ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் திரிந்தது.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக எழும். பெயர் இப்படி அடிக்கடி மாறுமானால் அதனால் என்ன பயன் என்பது ஒன்று. மாறியது உறவுமுறை பற்றிய கருத்து. எந்தச் செடியைப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வராமல் காத்தது மாறாத பாதி. முசுமுசுக்கை ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை வளர்வதால் அதைச் சென்னைக்கு உரியதாகச் சொல்வது பிழை என்று கருதுவோரும் உண்டு. வளரும் பரப்பைச் சொல்ல அந்தப் பெயர் வைக்கப்படவில்லை. இலங்கையில் பால் ஹெர்மன் சேர்த்த செடிகளைக் கொண்டு லின்னேயஸ் எழுதியதால், நம் தெருவோரச் சித்திரமூலமும் பிளம்பாகோ ஜெய்லானிகா என்று இலங்கைப் பெயரோடு நிற்கிறது. அதை எவரும் திருத்தக் கேட்பதில்லை. மூன்றாவது மறுப்பு கனமானது. செடியைக் காட்டியவரும் பெயர் சொன்னவரும் மருந்து சொன்னவரும் இவ்வூர்க்காரர்கள். புகழோ லண்டனுக்கும் ஸ்வீடனுக்கும் போனது. இதை மறுக்க இடமில்லை. அதே நூற்றாண்டில் கொச்சியில் உருவான ‘ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்’ நூலில் இட்டி அச்சுதன் என்ற மருத்துவரின் பெயர் அச்சிலேயே இருக்க, சென்னைத் தாள்களில் அப்படி யாரும் முன்னால் வரவில்லை. ஆனால் இதிலிருந்து உள்ளூர்ப் பெயரே போதுமாக இருந்தது என்ற முடிவுக்குப் போவது சரியாகாது. கீழாநெல்லி என்று நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் கட்டில் ஒன்றுக்கொன்று நெருங்கிய பல சிற்றினங்கள் கலந்திருப்பது தெரிந்த விஷயம். மேலாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸும் அந்தக் குடும்பமே. மருந்தின் குணத்தைச் சோதிக்க வேண்டுமானால், சோதித்தது எது என்று ஒரு மாதிரியைச் சுட்டிக்காட்டியாக வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலை தரங்கம்பாடிக்கு நகர்ந்தது. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் அங்கு வந்தார். பின்னர் ஆற்காடு நவாபிடமும், 1778இலிருந்து கம்பெனியிடமும் பணிசெய்து 1785இல் இறந்தார். கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் இட்ட பெர்கெரா கோனிகி என்ற பெயர் அவர் நினைவாக வந்தது. அது பிறகு முரயா கோனிகி ஆனது. அண்மை மரபணு ஆய்வுகளை ஒட்டி மீண்டும் பெர்கெராவுக்கே திரும்பலாம் என்பது பலர் கருத்து. பாடநூல்கள் இன்னும் முரயாவை விடவில்லை. கோனிக்குக்குப்பின் வந்த பாட்ரிக் ரஸல், 1796இல் வெளியிட்ட பாம்பு நூலில் கண்ணாடி விரியனைக் ‘கடுக ரேகுல பொட’ என்ற தெலுங்குப் பெயராலேயே குறித்தார். மறு ஆண்டு அதற்கு லத்தீன் பெயர் தந்தவர் விலங்கியலர் ஷா. ரஸல் தம் பெயரை இரண்டு ‘எல்’ போட்டு எழுத, ஷா ஒன்றோடு விட்டார். அந்த ஒற்றை எழுத்தைத் திருத்தலாமா கூடாதா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. தாவரவியலர் ராபர்ட் வைட்டின் ‘ஐக்கோன்ஸ்’ படநூல் (1838–1853) இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படத்தகடுகள் கொண்டது. அவரிடம் வரைந்த ஓவியர்களில் ரங்கய்யா, கோவிந்து இருவர் பெயர் நிலைத்திருக்கிறது. கோவிந்துவின் பெயரால் வைட் ‘கோவிந்தூயா’ என்றொரு ஆர்க்கிட் பேரினத்தையே அமைத்தார். அது இப்போது ட்ரோப்பிடியாவுக்குள் அடங்கிவிட்டது.

சென்னைக் கரையில் வாழ்வதெல்லாம் சென்னைப் பெயர் தாங்குவதில்லை. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த கொட்டிவாக்கத்தின் மணலில் தழைக்கும் உயிர்களில் முக்கியமான மூன்றுக்கும் சென்னைப் பெயர் இல்லை. ஆட்டுக்குளம்பு போல நுனி பிளந்த இலையுடைய அடம்பு, லின்னேயஸிடம் கன்வால்வுலஸ் ஆக இருந்து இப்போது ஐப்போமியா. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக வளர்வது இராவணன் மீசை. அதன் பெண்செடியில் முள்பந்தாக விளையும் கதிர்த்தொகுதி முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டு போகும். அதற்கு 1768இல் பர்மன் தந்த பெயரை 1912இல் மெரில் ஸ்பைனிஃபெக்ஸுக்கு மாற்றினார். ஜனவரி முதல் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமையை எஷ்ஷோல்ட்ஸ் 1829இல் பெயரிட்டது மணிலா விரிகுடாவில் கிடைத்ததைக் கொண்டு.

இதுவரை பார்த்த பெயர்களில் செல் அமைப்புக்கு இடமிருக்கவில்லை; அது பெயரீட்டோடு நேரடியாக மோதியது இருபதாம் நூற்றாண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாசியியலர்களிடம். எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) வற்றும் குட்டைகளின் ஈரச் சேற்றில் வாழும் ஒரு பச்சைப் பாசியை 1932இல் விவரித்து, தம் ஆசிரியர் ஃபிரிட்ஷின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா என்றார். மண்ணுக்குள் வேரிழை, தரைமட்டத்தில் திரண்ட செல்கூட்டம், மேலே நிமிர்ந்த கிளை என அமைந்த அதன் உடலைப் பார்த்து, நிலத்தாவரங்களின் முன்னோர் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று பலர் கருதினர். பல பாடநூல்களிலும் அந்தக் கருத்து ஏறியது. மின்னணு நுண்ணோக்கி வந்தபின் செல் பிளவின் நுணுக்கம் தெரிந்தது. நிலத்தாவரங்களில் இரு உட்கருக்களுக்கிடையே நுண்குழல்கள் புதுச்சுவரின் தளத்தைக் குறுக்கே கடந்து நிற்கும்; ஃபிரிட்ஷியெல்லாவில் அவை அந்தத் தளத்துக்கு இணையாகக் கிடக்கின்றன. இந்தச் சிறு வேறுபாடு அதை நிலத்தாவர வழியிலிருந்து விலக்கிப் பச்சைப் பாசிகளின் வேறொரு கிளையில் வைத்தது. வெளித்தோற்ற ஒப்புமை போய்விட்டது. ஐயங்கார் கட்டிய பெயர் அப்படியே இருக்கிறது. அவர் மரபில் வந்த டி. வி. தேசிகாச்சாரியின் ‘சயனோஃபைட்டா’ (1959) நீலப்பச்சைப் பாசிகளுக்கு இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் நூல். இவற்றின் செல்லில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை. செல்லால் பார்த்தால் இவை பாக்டீரியா. 1978இல் நுண்ணுயிரியலர் ஸ்டேனியரும் பிறரும் இவற்றைப் பாக்டீரியப் பெயர்விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்றனர். அந்த விதி உயிருள்ள வளர்ப்பை மாதிரியாகக் கேட்கும். தாவர விதி உலர்மாதிரியையும் படத்தையும் ஏற்கும். தாளில் ஒட்டிய பாசியை வைத்துப் பெயரிட்டவர்களின் உழைப்பு வீணாகுமே என்ற அச்சம் நியாயமானது. இரு விதிகளுக்கும் இடையே இணக்கம் காணும் முயற்சி தொடர்கிறது. நாஸ்டாக் போன்ற பழம்பெயர்கள் நடைமுறையில் இரு தரப்பிலும் வழங்குகின்றன.

இன்று சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இயங்குகிறது. ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ அந்தப் பெயரோடேயே கோவையில் இருக்கிறது. 2012 ஜனவரி 1 முதல் புதிய தாவரம், பாசி, காளானுக்கான விவரிப்பை லத்தீனில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் எழுதலாம். தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது. தமிழ்ச் சொல்லையே சிற்றினப் பெயராக வைப்பதற்கு விதியில் தடை எதுவும் இல்லை.