அளவெடுத்துச் செய்த துப்பாக்கி

1907இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தபின் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடினார். அதன் குழல்களுக்கும் பின்பகுதிக்கும் நடுவே இடைவெளி இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் அப்புலியை வீழ்த்தியதற்குப் பரிசாக, ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் அவருக்கு அளித்தது, இலண்டன் ரிக்பி நிறுவனத்தின் 275 ரகத் துப்பாக்கி. கார்பெட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இருக்கவில்லை. சொந்தப் பணத்தில் வாங்க நினைத்தவர்களுக்கோ அது எளிய முடிவல்ல.

இலண்டன் கைவினைஞர்கள் தையற்காரரைப் போலவே அளவெடுத்தனர். கட்டையின் நீளம், சரிவு, பக்கவாட்டு வளைவு ஆகியவற்றை மாற்றக்கூடிய அளவுத் துப்பாக்கி ஒன்றை வாடிக்கையாளரின் தோளில் பொருத்திப் பார்ப்பார்கள். கடினமான வேலை அதற்குப் பிறகுதான். இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரு குழல்களின் குண்டுகளும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் ஒரே இடத்தில் பட வேண்டும். சுட்டுப் பார்ப்பது, ஈயப்பற்றை இளக்குவது, குழல்முனைகளுக்கு நடுவிலுள்ள ஆப்பைச் சிறிதளவு நகர்த்துவது, மீண்டும் பற்றவைத்துச் சுடுவது என்று அது நீளும். கணக்கு கைகொடுக்காத இடம் அது, கைப்பழக்கமே கணக்கு. இவ்வளவும் ஒரே வகைத் தோட்டாவுக்காக, ஒரே அளவு மருந்துக்காகச் செய்யப்பட்டன. தோட்டாவை மாற்றினால் குண்டுகள் வெவ்வேறு திசை பார்க்கும். அத்தோட்டா கிடைக்காமற்போனாலோ, அந்த அழகிய பொருள் சுவரில் மாட்டுவதற்கே உதவும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. கிளர்ச்சியாளர் கையிலிருந்த மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கு உதவிவிடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 450 ரகத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவிற்குள் கொண்டுவரத் தடை விதித்தது. அந்நாளில் பெருவிலங்கு வேட்டையில் மிகவும் புகழ்பெற்றிருந்த ரகம் அதுவே. உடனே 465, 470 என்று புதிய ரகங்கள் பிறந்தன. தடையினால் பிறந்த அந்த 470 இன்றளவும் வழக்கிலிருப்பது வரலாற்றின் குறும்பு என்றே தோன்றுகிறது.

ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ. டி. எம். பெல் வேறு முடிவெடுத்தார். 600 ரக இரட்டைக்குழல் பதினாறு பவுண்டு வரை கனக்கும். அதை நாள் முழுதும் சுமப்பதே தண்டனை. பெல் பெரும்பாலும் நாடியது எடை குறைந்த 275ஐ. அது ஜெர்மானிய ஏழு மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவின் ஆங்கிலப் பெயர்தான். படைகளுக்கெனப் பெருமளவில் செய்யப்பட்டதால் எளிதில் கிடைத்தது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டவர் அவர். அந்த அறிவும் கைத்திறனும் இல்லாத ஒருவர் அவரைப் பின்பற்றிச் சிறுகுழல் வாங்கியிருந்தால், அது சிக்கனம் ஆகாது, தற்கொலை. அவர் கொன்ற எண்ணிக்கையை வியப்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு விடையுண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், அந்நாளைய சேலம் மாவட்டத்தின் ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தபோது அவர் நம்பியது அமெரிக்கத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 405 வின்செஸ்டரை. தோளுக்கு அளவெடுக்க எவரும் வரவில்லை.

கார்பெட் தம் ரிக்பியைக் கொண்டுதான் 1926இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்டார். பின்னர் அது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் தம் நூல்களைப் பதிப்பித்தவரிடம் சென்றது. அவருக்குப்பின் அச்சகத்தின் உடைமையாயிற்று. 2015இல் அதை விலைகொடுத்து வாங்கியது ரிக்பி நிறுவனமே.