அணையின் வயதும் ஆற்றங்கரை லயங்களும்



முல்லைப் பெரியாறு என்றால் இரண்டு மாநிலங்களின் சண்டை என்றே கேட்டுப் பழகிவிட்டோம். அந்த அணையின் கதையை உழைத்தவர்களின் பக்கம் நின்று சொல்லிப் பார்ப்போம்.

1886இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். மலேரியாவும் காலராவும் அந்தக் காட்டில் கூலியாட்களைக் கொன்று குவித்தன. பொறியாளர் பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் அதற்குத் தகுதியானவர்தான். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

தண்ணீர் வந்தது, கம்பம் பள்ளத்தாக்கு செழித்தது. மதுரையின் குடிநீரும் அந்த நீரை நம்பியிருக்கிறது. ஆனால் தண்ணீர் பாய்ந்த நிலம் நம் மக்களின் கைக்கு வரவில்லை. அந்த வயல்களில் நம்மவர்களில் பெரும்பாலோர் இன்றும் கூலிகளே.

இனி அணையின் வயதுக்கு வருவோம். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் எழுப்பிய இந்த அணை, தன் எடையால்தான் நீரைத் தாங்கி நிற்கிறது. கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போனால் எடை குறையும். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்து பல்லாயிரம் வீடுகள் அழிந்தன. அதே ஆண்டு, முழு மட்டம் 152 அடியான பெரியாறு அணையில் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. மத்திய நீர் ஆணையத்தின் யோசனைப்படி, மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள். இரும்பு வடங்களால் அணையை அடிப்பாறையோடு பிணைத்தார்கள். பின்புறம் கான்கிரீட் முட்டுச்சுவர் எழுப்பினார்கள். அந்த ஆணையத்தின் தொடக்கம் 1945. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் நீர்ப்பாசனத் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். உச்ச நீதிமன்றம் 2006இலும் 2014இலும் 142 அடி வரை தேக்க அனுமதித்தது.

எண்களின் இந்த வழக்கில் ஒரு கூட்டம் கண்ணில் படவே இல்லை. அணைக்குக் கீழே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு. அந்தப் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் தலைமுறைகளாக வாழ்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து போன தலித் தொழிலாளர்கள். தமிழன், மலையாளி என்று நாம் பிரிந்து கத்தும்போது, ஆறு பெருகினால் முதலில் நனைவது அவர்களைப் போன்ற ஆற்றோரத்து ஏழைகளின் வீடுகள்தான். 2021 டிசம்பரில் நள்ளிரவில் மதகுகள் திறந்தபோது அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. முன்னறிவிப்பு போதவில்லை என்று கேரளம் முறையிட்டது.

அணை கட்டியவர்கள், அணை நீரில் நாற்று நடுபவர்கள், அணைக்குக் கீழே அஞ்சி உறங்குபவர்கள் எல்லாரும் உழைக்கும் மக்களே. அணையை ஆராய்ந்த குழுக்களில் பொறியாளர்களும் நீதிபதிகளும் அதிகாரிகளும் அமர்ந்தார்கள். இவர்களுக்கு நாற்காலி இல்லை.

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசரகாலச் செயல் திட்டம் வேண்டும் என்கிறது. அந்தத் திட்டம் தமிழிலும் மலையாளத்திலும் லயங்களில் படித்துக் காட்டப்பட வேண்டும். மதகு திறக்குமுன் சங்கு ஒலிக்க வேண்டும். கண்காணிப்பில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இதைக் கேட்பதால் தமிழ்நாட்டின் தண்ணீர் உரிமை ஒரு சொட்டும் குறையாது. அணை பாதுகாப்பாக இருக்கிறதா என்று யாராவது பேசினால், யாருக்கு என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.