சோளக் கஞ்சியும் பொலெந்தாவும்: இரு துறைமுகங்களின் சமையல்

திருகோணமலையில் தேங்காய்ப்பால் விட்டுச் சோளக் கஞ்சி காய்ச்சுகிறோம். இத்தாலியின் வெனிஸ் நகரிலும் அதைச் சூழ்ந்த வெனெத்தோ மாநிலத்திலும் சோளக் குறுணலைக் கிண்டிப் பொலெந்தா செய்கிறார்கள். தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்று சொல்லும் தானியம்தான் இரண்டுக்கும் அடிப்படை. அடுப்படியில் இவ்விரு உணவுகளும் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆனால் அவற்றை உண்ட மக்களின் கதைகள் வேறு வேறு.

முதலில் தானியம் நின்ற இடம். அமெரிக்கக் கண்டத்துப் பயிரான சோளம் 16ஆம் நூற்றாண்டிலேயே வெனெத்தோவுக்குப் போய்ச் சேர்ந்தது. நாளடைவில் அங்குள்ள ஏழை உழவர்களுக்கு அதுவே முழு உணவாயிற்று. கோதுமை நிலக்காரருக்கும் சந்தைக்கும் போனது. திருகோணமலையில் அப்படி நடக்கவில்லை. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள் நெல்லுக்கு உரியவை. சோளம் மேட்டுநிலத்துச் சேனைப் பயிர். பெரும்போக மழையோடு ஊன்றி, தை, மாசியில் பொத்தி முறிப்பார்கள். பிஞ்சுப் பதத்தில் அவித்துத் தின்றது போக, முற்றியதைக் காயவைத்து இடித்துக் குறுணலாக்கினால் கஞ்சிக்கு ஆகும்.

இனி, குழைவு வரும் விதம். குறுணலின் மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்து இளகினால்தான் கஞ்சி வழுவழுப்பாகும். இதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஒரு பங்கு குறுணலுக்கு நாலைந்து பங்கு நீர் வைத்து, முக்கால் மணி நேரம் வரை கிண்டுவது வெனெத்தோ வழக்கம். அதற்கென்றே செம்புப் பானை வைத்திருப்பார்கள். நமது வீட்டில் குறுணலை முன்கூட்டியே ஊறவைத்தால் அந்த நேரத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். நீரோடு இரண்டாம் பாலையும் கலந்து, உள்ளி, ரம்பை, சிறிது வெந்தயம் போட்டு, மெல்லிய நெருப்பில் துழாவ வேண்டும். வாயில் நறநறக்காத பதம் வரும்வரை கொழுப்பு மிகுந்த எதையும் சேர்க்கக் கூடாது.

கொழுப்பைக் கடைசியில் சேர்ப்பதில் இரு ஊர்களும் ஒன்றுபடுகின்றன. இத்தாலியர் இறக்கும் தறுவாயில் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் கலக்கிறார்கள். நாம் நெருப்பைத் தணித்து முதற்பால் விடுகிறோம். முதற்பால் கொதித்தால் அதன் புரதம் திரண்டு எண்ணெய் பிரிந்துவிடும், குழைவும் கெடும். ஒரு கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கடலும் இரண்டையும் சேர்க்கிறது. உள்நாட்டு மலைப்பகுதிகளில் மஞ்சள் பொலெந்தா. வெனிஸ் கரையோரத்திலோ ‘பியான்கோபெர்லா’ போன்ற வெண்சோளத்தில் செய்த இளகிய பொலெந்தா. அதன்மேல் கடற்கழியில் பிடித்த சிறு இறாலை வைத்துப் பரிமாறுவார்கள். கிண்ணியா, மூதூர் பக்கத்து நோன்புக் கஞ்சியில் அரிசியும் தேங்காய்ப்பாலும் இறைச்சியோடு சேர்வதை நாம் அறிவோம். அதே பக்குவத்தில் சோளக் குறுணலையும் இறாலையும் சேர்த்தால் வெனிஸ்காரர் தட்டுக்கு மிக அருகில் வந்துவிடுவோம்.

பிரிவு இங்கேதான் வருகிறது. இறாலும் வெண்ணெயும் கிட்டாத வெனெத்தோ உழவர்கள் மூன்று வேளையும் வெறும் பொலெந்தாவையே உண்டார்கள். தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் அவர்களைத் தாக்கியது. 1771இல் மிலான் மருத்துவர் ஃபிராபொல்லி அதற்கு அப்பெயரைப் பதிவு செய்தார். வெனிஸின் சான் செர்வோலோ தீவு மனநல விடுதியில் இந்நோயாளிகள் பலர் அடைக்கப்பட்டார்கள். சோளத்திலுள்ள நியாசின் உடலில் எளிதில் சேராது. உடல் தானே நியாசின் ஆக்கிக்கொள்ள உதவும் டிரிப்டோஃபானும் அதில் குறைவு. மெக்சிக்கோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இக்குறையைத் தீர்த்திருந்தார்கள். ஐரோப்பாவுக்குத் தானியம் வந்தது, அந்தப் பக்குவம் வரவில்லை. நியாசினே மருந்து என்பது 1937இல்தான் உறுதியானது.

நமது மாவட்டத்தில் சோளம் தனித்து நிற்கவில்லை. சோறும் மீனும் பருப்பும் கீரையும் எப்போதும் அதன் பக்கத்தில் இருந்தன. இலங்கையில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா மாவிலும் சோளத்தோடு சோயா சேர்ந்திருப்பது இதே அறிவின் வழிதான். சோளத்தில் குறையும் லைசீனைச் சோயா நிறைவு செய்கிறது.

எனவே வீட்டில் சோளக் கஞ்சி காய்ச்சுவோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். குழைவுக்குப் பொறுமையும் முதற்பாலும் போதும். ஊட்டத்துக்குத் துணை வேண்டும். இனிப்பாகக் காய்ச்சினால் சர்க்கரையோடு ஒரு கைப்பிடி வறுத்த பயறும் போடுங்கள். உறைப்பாகக் காய்ச்சினால் இறாலோ மீனோ சேருங்கள். வெனெத்தோ உழவருக்கு அந்தத் துணை எட்டவில்லை. நமக்கு அது கடற்கரையிலும் கடைத்தெருவிலும் கிடைக்கிறது.