தேவையும் கேள்வியும்: பெங்களூரு விறகடுப்பு எழுப்பிய பொருளியல் வினா

பொருளியலைத் தமிழில் பயில்வோர் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் இரு வேறு கலைச்சொற்களைக் கற்கின்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தேவை, அளிப்பு'. இலங்கைப் பாடநூல்களில் 'கேள்வி, நிரம்பல்'. இதை வெறும் வட்டார வேறுபாடு என்று கடந்துவிட முடியாது. ஒரு குடும்பம் வாழ்வதற்கு இன்றியமையாததையும் அக்குடும்பம் விலைகொடுத்து வாங்கக்கூடியதையும் 'தேவை' என்ற ஒரே சொல் குறித்துவிடுகிறது. 'கேள்வி' என்ற சொல்லிலோ சந்தையில் கேட்கப்படுவது மட்டுமே அடங்கும். 'மின் தேவை முன்கணிப்பு' என்ற தலைப்பில் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் இவ்விரண்டில் எதைக் கணிக்கின்றன? தமிழ்ச் சொல்லுக்குள் மறைந்துகிடக்கும் இந்த வினாவை, பெங்களூரு ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே புள்ளிவிவரங்களோடு எழுப்பினர்.

அந்நகரின் மின் வரலாறே இதற்கு நல்ல சான்று. 1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் முதலில் சென்றடைந்த இடம் பெங்களூரு அன்று. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கம். உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக அது அப்போது பேசப்பட்டது. நகரின் தெருவிளக்குகள் 1905 வரை காத்திருந்தன. இதில் சதி ஏதும் இல்லை. பெரும் அளவில், ஒப்பந்தம் செய்து, தவறாமல் பணம் செலுத்தக்கூடிய வாடிக்கையாளர் சுரங்க நிறுவனமே. கேள்வி இருந்த இடத்திற்கு மின்சாரம் போயிற்று.

பிளாக்பள்ளி என்று முன்னர் வழங்கிய சிவாஜிநகர், 1809இல் பிரிட்டிஷார் நிறுவிய படைப்பாளையத்தின், அதாவது மக்கள் வழக்கில் 'தண்டு' எனப்படும் பகுதியின், சந்தை முகம். சென்னை மாகாணப் படைகளின் பின்னே வந்த தமிழ் வணிகர்களும் கைவினைஞர்களும் கூலித் தொழிலாளர்களும் குடியேறிய பகுதி அது. தமிழும் தக்கினி உருதுவும் இன்றும் அங்கே ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ரஸ்ஸல் மார்க்கெட்டின் கட்டடத்தையும் தேவாலயத்தின் கோபுரத்தையும் பற்றி எழுதியோர் பலர். பெங்களூரின் பழைய குடியிருப்புகளில் எந்த அடுப்பு எரிந்தது, எதைக்கொண்டு எரிந்தது என்று எழுதியோர் சிலரே.

அந்தச் சிலருள் முதன்மையானவர் அமுல்ய ரெட்டி (1930–2006). மின்வேதியியலில் உலகறிந்த பாடநூல் ஒன்றின் இணையாசிரியரான அவர், 1974இல் இந்திய அறிவியல் கழகத்தில் 'அஸ்த்ரா' என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையம் உருவாகக் காரணமானார். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேலைநாடுகளில் ஆற்றல் பொருளியல் தனித் துறையாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அத்துறையின் பன்னாட்டுச் சங்கம் 1977இல் தோன்றியது. அங்கே பேசப்பட்டவை பெரும்பாலும் பீப்பாய் விலையும் நிலக்கரி இருப்பும்தான். ரெட்டியோ விறகை எடைபோடச் சென்றார்.

1983இல் அவரும் பி. சுதாகர ரெட்டியும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் பெங்களூரின் விறகுப் பயன்பாட்டை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். விறகு என்றால் கிராமம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. பெருநகரம் ஒன்று வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக விறகை வரவழைத்து எரித்துக்கொண்டிருந்தது. கட்டுரையின் மையம் அந்த அளவு மட்டுமன்று, சமூக அடுக்கு. அடித்தட்டு வீடுகள் விறகையும், சற்று வருமானம் உள்ளவை மண்ணெண்ணெயையும், வசதியானவை எரிவாயுவையும் மின்சாரத்தையும் சார்ந்திருந்தன. நகரத்தின் சராசரிக் குடும்பம் என்று ஒன்றை வைத்துக் கணக்கிட்டால் இந்த அடுக்குகள் அனைத்தும் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இங்கேதான் பொருளியல் கூர்மை பெறுகிறது. விறகடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி பாத்திரத்தைச் சேராமல் போய்விடுகிறது. ஆகவே உண்மையில் சோற்றை வேகவைத்த வெப்பத்திற்கு என்ன விலை என்று பார்த்தால், ஏழை மலிவான எரிபொருளை வாங்குகிறார் என்ற எண்ணம் நிலைகுலைகிறது. அப்படியானால் அவர் ஏன் எரிவாயுவுக்கு மாறவில்லை? அறியாமை என்பது மாநாட்டு மேடைகளுக்கு வசதியான விடை. அன்றாடக் கூலியில் அன்றாடம் சில கிலோ விறகு வாங்க முடியும். அடுப்புக்கும் உருளை முன்பணத்துக்கும் ஒரே நாளில் பணம் கட்ட முடியாது. 1990இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் அளித்து, அடுத்த ஆண்டு 'எனர்ஜி பாலிசி' இதழில் வெளியிட்ட கட்டுரையில் ரெட்டி ஆற்றல் சிக்கனத்திற்கான தடைகளை வகைப்படுத்தினார். செய்தி அறியாத நுகர்வோரையும் தொடக்கச் செலவைத் தாங்க இயலாத நுகர்வோரையும் அவர் தனித்தனியே பிரித்தார். முன்னவருக்குத் துண்டறிக்கை போதும். பின்னவருக்குத் தவணைக் கடன் வேண்டும். இன்றும் பல கொள்கை அறிக்கைகள் இவ்விருவரையும் ஒரே வரிசையில்தான் நிறுத்துகின்றன.

இதே அணுகுமுறை மாநில அளவுக்கு விரிந்தபோது மோதல் வெளிப்படையாயிற்று. கர்நாடக அரசின் நீண்டகால மின்திட்டக் குழு 1987இல் தந்த அறிக்கை, 2000ஆம் ஆண்டில் மாநிலத்துக்கு 4,750 கோடி யூனிட் மின்சாரமும் 9,400 மெகாவாட் நிறுவுதிறனும் வேண்டும் என்றது. நடப்புப் போக்கை நீட்டிக் கோடு வரைந்த கணக்கு அது. 1991 ஏப்ரலில் ரெட்டியும் உடனாய்வாளர் மூவரும் மாற்றுக் கணக்கொன்றை வெளியிட்டனர். 'டிஃபெண்டஸ்' என்று பெயரிடப்பட்ட அம்முறை எத்தனை யூனிட் என்று தொடங்கவில்லை. எத்தனை விளக்கு, எத்தனை பாசனப் பம்பு, எந்தத் தொழில் என்று பயன்பாட்டின் முனையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது. சிக்கனமான விளக்குகளும் பம்புகளும் வந்தால், நீர் சூடாக்கும் வேலை சூரியனுக்குப் போனால், 1,790 கோடி யூனிட்டும் 4,000 மெகாவாட்டும் போதும் என்று அது காட்டியது. முன்னதில் ஏறத்தாழ 38 விழுக்காடு. தொழில்துறை வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டார்களா என்று வாதிட இடமுண்டு. வருங்காலத்தைப் பற்றிய எந்தக் கணக்கும் அந்த வாதத்திலிருந்து தப்பாது.

ஆனால் சுருங்கிய அந்தக் கணக்கில்தான் மாநிலத்தின் எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு தருவது சேர்க்கப்பட்டிருந்தது. மின்கம்பி சென்றடையாத வீட்டுக்கு மின் கட்டண ரசீது இல்லை. ஆகவே பழைய விற்பனைப் புள்ளிவிவரத்தில் அதற்கு வரியும் இல்லை. இலங்கைப் பாடநூலின் சொல்லில் அவ்வீட்டின் கேள்வி சுழியம்.